வெள்ளை வேட்டிக்குப் பின்னால் ஒரு கடல் இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் வார இணைப்பில், பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக்கொள்வது பற்றிக் கால் பக்கக் குறிப்பு ஒன்று வந்திருந்தது. "யு.எஸ்.பி. கருவியைச் செருகுங்கள், டெக்கை ஓடவிடுங்கள், பொத்தானை அழுத்துங்கள், அவ்வளவுதான்" என்று அது முடிந்தது. அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லின் மீதுதான் என் கோபமெல்லாம். அந்தக் குறிப்பு வந்த பிறகு பாம்பனிலும் தங்கச்சிமடத்திலுமாக நான்கு வீட்டார் கெட்டுப்போன பென் டிரைவோடு என் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். உங்கள் மேல் வழக்குப் போடும் எண்ணம் இல்லை. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பாம்பனில் இருபத்திரண்டு ஆண்டுகள் வீடியோக் கடை வைத்திருந்தவன். கடையைத் திறந்தது 1987இல். அப்போது தீவுக்குப் பஸ் பாலம் கிடையாது. அது அடுத்த ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதிதான் திறந்தது. அதனால் முதல் கேமராவை மதுரையில் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு, கடல் காற்று படாமல் துண்டால் போர்த்திக்கொண்டு வந்தேன். தோளில் தூக்கும் பானாசோனிக் கேமரா அது. ஒரு மணி நேரம் தூக்கினால் தோள் வீங்கிவிடும். கல்யாணம், புதுநன்மை, காதுகுத்து, கோயில் கொடை, சப்பரம், விசைப்படகு வெள்ளோட்டம் என்று இந்தத் தீவில் நான் எடுக்காத விசேஷம் குறைவு. 2009இல் கடையை மூடினேன். இப்போது மகன் வாங்கித் தந்த மடிக்கணினியும், கேசட்டை ஓட்டும் டெக்கிலிருந்து படத்தைக் கணினிக்குள் வாங்கும் கேப்சர் கருவி ஒன்றும் வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்கு மட்டும் கேசட்டுகளை மாற்றிக் கொடுக்கிறேன்.

அந்த நான்கு வீட்டாரில் ஒருவர், 1993இல் நான் படம் பிடித்த கல்யாணத்தின் மணப்பெண். இப்போது பேரன் எடுத்துவிட்டார். "அண்ணே, அப்பா போட்டோவில் எல்லாம் விறைத்துக்கொண்டுதான் நிற்பார். இந்தக் கேசட்டில்தான் சிரிப்பார். கொஞ்சம் பாருங்கள்" என்று பென் டிரைவை நீட்டினார். போட்டுப் பார்த்தேன். நிறம் இல்லை. படம் நின்று நின்று மேலே உருண்டது. அடியில் ஒரு துண்டு வெட்டுப்பட்டிருந்தது. எல்லாரும் பக்கவாட்டில் இழுபட்டு, ஒல்லியாக இருந்த மணப்பெண்ணே கன்னம் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தார். அப்பா சிரிக்கிறாரா, தும்முகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

"கேசட் எங்கே?" என்று கேட்டேன். மாற்றிக் கொடுத்த கடையில், இனி இது எதற்கு என்று சொன்னார்களாம். பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நல்ல காலம், அந்த நாளில் நாங்கள் இரண்டு பிரதி போடுவோம். பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. இரண்டாவது, அவருடைய நாத்தனார் வீட்டு அலமாரியில், சேலைகளுக்கு அடியில் கிடந்தது. அதை வாங்கி வந்தேன். இனி நான் எழுதப்போவது அந்தக் கேசட்டை முன்வைத்துத்தான்.

முதல் தவறு எங்கே நடந்தது என்பது பென் டிரைவைப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. இந்தியாவில் கேசட், டெக், டி.வி. எல்லாம் ‘பால்’ என்ற முறையைச் சேர்ந்தவை. கறக்கிற பால் அல்ல. ஒரு படத்துக்கு 625 கோடுகள், அதில் கண்ணுக்குத் தெரிபவை 576, வினாடிக்கு 25 படங்கள் என்பது அதன் கணக்கு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்தது என்.டி.எஸ்.சி. அதில் 525 கோடுகள், தெரிபவை 480, வினாடிக்கு ஏறக்குறைய 30 படங்கள். கடைகளில் கிடைக்கும் மலிவான யு.எஸ்.பி. கருவிகள் பல, செருகியவுடன் என்.டி.எஸ்.சி.யில்தான் நிற்கும். நம்முடைய பால் கேசட்டை அதில் ஓட்டினால் நிறம் போகும், படம் உருளும், அடி வெட்டுப்படும். அந்த அம்மாவின் பென் டிரைவில் நடந்தது அப்படியே இதுதான்.

இதைத் திருத்துவதற்கு ஒரு நிமிடம் போதும். நான் பயன்படுத்துவது ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருள். அதில் கருவியின் பண்புகளைத் திறந்தால் ‘கான்ஃபிகர் வீடியோ’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் சின்னப் பெட்டி ஒன்று வரும். பார்க்கப் பழைய காலத்துப் பெட்டி மாதிரி, யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல இருக்கும். எல்லாரும் பயந்து மூடிவிடுவது அதைத்தான். அதற்குள் ‘வீடியோ டிகோடர்’ என்ற பக்கத்தில் வீடியோ முறைப் பட்டியல் இருக்கிறது. பால் பி, பால் டி, பால் ஜி, பால் எச், பால் ஐ, பால் எம், பால் என் என்று வரிசையாக நிற்கும். இங்கேயும் ஆட்கள் குழம்புகிறார்கள். பி, டி, ஜி, எச், ஐ என்பவற்றின் வித்தியாசம் வானலையில் ஒளிபரப்பும்போதுதான். டெக்கிலிருந்து மஞ்சள் பின் கம்பியில் வரும் படத்துக்கு அவை எல்லாம் ஒன்றே. எம், என் இரண்டும் வேறு. அவை தென் அமெரிக்காவுக்கானவை, தொட வேண்டாம். பால் பி வைத்துக்கொண்டால் போதும். கருவியைப் பிடுங்கி வேறு துளையில் செருகினால் மறுபடி என்.டி.எஸ்.சி.க்குப் போய்விடுகிற கருவிகள் உண்டு. என்னுடையது அப்படிப்பட்டது. அதனால் ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். கடலுக்குப் போகிறவர்கள் டீசல் அளவைப் பார்ப்பதுபோல.

நிறம் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கருவியில் மஞ்சள் பின்னுக்கு ஒரு வழியும் எஸ்-வீடியோவுக்கு (வெளிச்சமும் நிறமும் தனித்தனியாக வரும் கம்பி) ஒரு வழியும் இருக்கும். கம்பியை ஒன்றில் செருகிவிட்டு, ‘கிராஸ்பார்’ என்ற பெட்டியில் மற்றதைத் தேர்ந்திருந்தால், கறுப்பு வெள்ளையாகவோ படமே இல்லாமலோ வரும். கேசட் போய்விட்டது என்று அழுவதற்கு முன் இதையும் பாருங்கள்.

கீழக்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். அங்கிருந்து எனக்கு வரும் பெட்டிகளில் வளைகுடாவிலிருந்து வந்த கேசட்டுகள் கலந்திருக்கும். சவூதித் தொலைக்காட்சியில் அக்காலத்தில் ‘சேகாம்’ என்ற மூன்றாவது முறை. அங்கே டி.வி.யிலிருந்து பதிந்து அனுப்பியவை நம் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். கருவியில் எதை மாற்றினாலும் பயனில்லை. அதற்கு அந்த ஊர் முறையையும் அறிந்த டெக் வேண்டும். ஆனால் இலங்கை ரூபவாஹினி நம்மைப் போலவே பால். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் தொலைக்காட்சிக் கோபுரம் எழும்புவதற்கு முன், எங்கள் ஓட்டு வீடுகளின் மேல் நின்ற ஆண்டெனாக்கள் எல்லாம் தென்கிழக்கே இலங்கையைப் பார்த்துத்தான் நின்றன. 1982இல் அது தொடங்கியதிலிருந்து எங்களுக்குக் கிரிக்கெட் காட்டியது அதுதான். அதிலிருந்து பதிந்த கேசட்டுகள் இன்றும் நல்ல நிறத்தோடு ஓடுகின்றன. சரி, இது வழி மாறிப் போகிறது.

அந்தக் கல்யாணக் கேசட்டுக்கு வருகிறேன். பால் பி வைத்தவுடன் நிறம் வந்துவிட்டது. அந்த அம்மாவை அன்றே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. படத்தில் ஏதோ குறைந்தது. திருப்பலி முடிந்து, ஊர்வலம் கடற்கரை வழியாகப் போகிற இடம். மணப்பெண்ணின் அப்பா முன்னால் நடக்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எல்லாம் ஒரே சுண்ணாம்புத் திட்டு. அவருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் எடுத்தவன் நான். அங்கே கடல் இருந்தது என்று எனக்குத் தெரியும். பதினொரு மணி வெயிலில், கரையில் கட்டிக்கிடந்த இரண்டு வள்ளங்களுக்கு முன்னால் வைத்துத்தான் அதை எடுத்தேன்.

இங்கேதான் உங்கள் குறிப்பு எழுதியவர் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கருவி வெளிச்சத்தை எண்ணாக மாற்றும்போது கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235 என்று வைத்துக்கொள்கிறது. மொத்தமே 255 வரைதான் எண் உண்டு. கடற்கரை வெயிலில் எடுத்த படம் அந்த எல்லையை மீறும். மீறியது எல்லாம் 255 என்றே எழுதப்படும். வேட்டியும் 255, அலையும் 255, வானமும் 255. ஒருமுறை அப்படி எழுதிவிட்டால், பிறகு கணினியில் எவ்வளவு திறமையான மென்பொருள் வைத்து இருட்டாக்கினாலும் வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாக மாறுமே தவிர, அலை திரும்ப வராது. அதே பெட்டியில் ‘பிராக் ஆம்ப்’ என்று இரண்டாவது பக்கம் ஒன்று இருக்கிறது. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், சேச்சுரேஷன், ஹியூ, ஷார்ப்னஸ் என்று தள்ளும் கட்டைகள் இருக்கும். அவை வேலை செய்வது படம் கணினிக்கு வந்து சேர்வதற்கு முன்பு, கருவிக்குள்ளேயே. ஆகவே குறைக்க வேண்டிய இடம் அதுதான், குறைக்க வேண்டிய நேரமும் அப்போதுதான்.

என் கருவியில் கான்ட்ராஸ்ட் 128இல் நின்றது. கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். 110இல் வேட்டியில் மடிப்பு தெரிந்தது. 100க்கு வந்தபோது கரை வேட்டி என்பதே தெரிந்தது. பச்சைக் கரை. 96இல் அவருக்குப் பின்னால் முதலில் ஒரு வள்ளத்தின் விளிம்பு, பிறகு அலை. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உங்கள் கருவியில் எண்கள் வேறாக இருக்கும். என் எண்களை எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம். கேசட்டில் மிக வெளிச்சமான இடம் எதுவோ, அதை ஓடவிட்டுப் பார்த்து, வெள்ளைக்குள் விவரம் தெரிகிற வரை இறக்குங்கள். படம் மொத்தத்தில் சப்பென்று இருக்கும். அதைப் பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாம்.

சேச்சுரேஷனும், அதாவது நிறத்தின் அடர்த்தியும், அப்படித்தான். வி.எச்.எஸ். என்ற நம் வகைக் கேசட்டுக்குச் சிவப்பு என்றாலே ஆகாது. அரக்குப் பட்டுச்சேலை கட்டிய மணப்பெண்ணின் தோளிலிருந்து சிவப்பு பக்கத்திலிருப்பவர் மேல் வழியும். கட்டையைச் சற்றுக் குறைத்தால் அடங்கும். ஷார்ப்னஸை ஏற்றினால் படம் தெளிவாகும் என்று நினைப்பது வீண் ஆசை. கேசட்டில் இல்லாத தெளிவு எங்கிருந்து வரும்? புழுதிதான் எழுந்து நிற்கும். அதை இறக்கியே வையுங்கள். ஹியூ, அதாவது நிறத்தையே மாற்றிவிடும் கட்டை, அதன் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்தது அளவு. மாற்றிக் கொடுத்த கடையில் 640க்கு 480 என்று வைத்திருந்தார்கள். அதை வேறு அகலத் திரைக்கு இழுத்திருந்தார்கள். 720க்கு 576, வினாடிக்கு 25 என்று வையுங்கள். இதற்குக் காரணம் டெக்கின் உள்ளே இருக்கிறது. அதில் ஹெட் பொருத்திய உருளை ஒன்று வினாடிக்கு 25 சுற்றுச் சுற்றுகிறது. ஒரு சுற்றில் ஒரு படம். அந்த ஒரு படத்தையும் இரண்டு ஹெட்கள் ஆளுக்குப் பாதியாக, ஒன்று ஒற்றைப்படைக் கோடுகள், மற்றது இரட்டைப்படைக் கோடுகள் என்று படிக்கின்றன. இந்த இரண்டு பாதிக்கும் இடையே ஐம்பதில் ஒரு வினாடி இடைவெளி. அசையாத பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. ஓடுகிற பொருளின் ஓரம் கணினித் திரையில் சீப்புப் பல்போலத் தெரியும். 576 கோடுகளையும் அப்படியே வாங்கிக்கொண்டால், பிறகு பொறுமையாக அந்தப் பல்லை எடுத்து, வினாடிக்கு 50 படமாகப் பிரித்து, வழவழவென்று ஓடவிடலாம். வாங்கும்போதே 480க்கு நசுக்கினால் பல் உடைந்து படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு யாராலும் எடுக்க முடியாது.

இதை நான் படித்தது பழைய பாம்பன் ரயில் பாலத்தில். பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 1914இல் திறந்த பாலம் அது. 2006இல் மீட்டர் கேஜ் நிற்பதற்கு முன்பு, பஸ் பாலத்தின் மேல் நின்றுகொண்டு பலமுறை படம் எடுத்திருக்கிறேன். ஒரு கேசட்டில், கப்பலுக்கு வழிவிடுவதற்காக ஆட்கள் லீவரைக் கையால் சுற்றி பாலத்தின் நடுத் தூக்குப் பகுதியை இரண்டு பக்கமும் மேலே எழுப்புகிற காட்சி முழுவதும் இருக்கிறது. பிறகு தூக்கு இறங்கி, ரயில் மெல்ல நகர்கிறது. பெட்டிகளின் ஜன்னல்கள் பாலத்துக் கம்பிகளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் போகும். முதல் தடவை நான் அறியாமல் 480இல் வாங்கியபோது ரயில் முழுவதும் கிழிந்த பாயாகத் தெரிந்தது. இரண்டாம் தடவை சரியாக வைத்து வாங்கினேன். ஜன்னலில் கை நீட்டுகிற பையன் வரை தெரிகிறான். 2022 டிசம்பரோடு அந்தப் பாலத்தில் ரயிலே நின்றுபோய், இப்போது பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் தூக்கு செங்குத்தாக மின்சாரத்தில் ஏறுகிறது. கையால் சுற்றியதைப் பார்க்க வேண்டுமென்றால் இனி கேசட்தான்.

இடம் நிறைய வேண்டும் என்பதையும் குறிப்பில் சொல்லவில்லை. எதையும் சுருக்காமல் அப்படியே எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 ஜிகாபைட் ஆகும். தரம் குறையாமல் சுருக்கும் முறைகளும் உண்டு. அவற்றில் பாதிக்கும் கீழே வந்துவிடும். கருவியை ஹப் (ஒரு துளையைப் பல துளையாக்கும் பெட்டி) வழியாகச் செருகாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். வழியில் ஒரு படம் தவறினால், முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துப் பாதிரியார் வாய் அசைத்த பிறகு குரல் வரும்.

குரல் என்றதும் நினைவு வருகிறது. கருவியின் ஒலியைக் கணினி தனி மைக்காக எடுத்துக்கொண்டு, தன் இஷ்டத்துக்குச் சத்தத்தைத் தூக்கிவிடும். ஒலி அமைப்பில் போய் ‘பூஸ்ட்’ இருந்தால் அணைத்து, இரண்டு வழி (ஸ்டீரியோ), 48,000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பேச்சை வைத்து அளவு பார்க்காதீர்கள். பேண்டு வாத்தியம் முழங்குகிற இடத்தை ஓடவிட்டு, சிவப்பைத் தொடாத அளவுக்கு இறக்குங்கள். படத்தில் சாய்வான பட்டைகள் மெதுவாக ஏறி ஏறிப் போனால் டெக்கைக் குறை சொல்லாமல், மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும்.

இன்னொரு வேடிக்கை. சில கருவிகள் நடுவில், ‘இது நகலெடுக்கத் தடை செய்யப்பட்ட கேசட்’ என்று சொல்லிப் படத்தை நிறுத்திக்கொள்ளும். என் சொந்தக் கல்யாணக் கேசட்டுக்கே அப்படிச் சொன்னது. என் கல்யாணத்துக்கு எந்தப் படக் கம்பெனி உரிமை வாங்கியது என்று என் மனைவி கேட்டார். திரைப்படக் கேசட்டுகளில் நகலைத் தடுப்பதற்காகச் சிக்னலையே குலைத்துவைத்திருப்பார்கள். கேசட் நைந்துபோனாலும் சிக்னல் அப்படித்தான் குலைகிறது. கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. டிராக்கிங்கை, அதாவது ஹெட் நாடாவின் தடத்தில் நேராக ஓடும்படி வைப்பதை, டெக்கில் சரி செய்து, ஹெட்டைத் துடைத்து, மறுபடி ஓட்டினேன். ஓடிவிட்டது.

இந்தக் கரையில் இதற்கெல்லாம் அவசரம் ஒன்று உண்டு. இங்கே காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் இருக்கிறது. கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூசணம். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல கேசட்டுக்கும் ஏறும். பூசணம் பிடித்தவற்றைத் தனியாக ஒதுக்கிவைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டெக்கும் அருகி வருகிறது. கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பானிய ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று ஓட, மற்றது உதிரிப்பாகத்துக்கு. நைந்த கேசட்டை எத்தனை தடவை ஓட்டலாம் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன். அமைப்புகளை எல்லாம் முதலில் ஒரு வேண்டாத கேசட்டில் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் கல்யாணத்தில் பழகாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. அடுத்த வாரம் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், "மாற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம், முழுவதும் போட்டுப் பார்த்த பிறகும் வேண்டாம்" என்று இரண்டு வரி போடுங்கள். மாற்றிக் கொடுக்கும் கடைக்காரர்களும், கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘இனி இது எதற்கு’ என்று சொல்வதை நிறுத்தட்டும்.

அந்த அம்மா போன ஞாயிறு வந்து பார்த்தார். அப்பா சிரிக்கிற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். அதற்கு முன்பே, ஊர்வலத்திலேயே நிறுத்தச் சொன்னார். பின்னால் கிடந்த வள்ளங்களில் ஒன்று அவர்களுடையதாம். அதன் பெயரைப் படிக்க முடிகிறதா என்று திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார். பாதிதான் படிக்க முடிந்தது. மீதியை அவரே சொன்னார்.

பின்குறிப்பு: உங்கள் குறிப்போடு வெளியான படத்தில் மஞ்சள் பின்னைச் சிவப்புத் துளையில் செருகியிருக்கிறார்கள். அதையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வீடியோக்காரர் ஒருவர்,
பாம்பன்.